அடிக்கு ரெண்டு நூல்

உலகத்துலயே அதிகமா மழை பெய்யற இடம் எதுன்னு கேட்டா, ஸ்கூல்ல படிச்ச ஞாபகத்துல எல்லாரும் சிரபுஞ்சின்னு சொல்வோம். கொஞ்சம் விவரமானவங்க, "பக்கத்துல இருக்கற மாசின்ராம்தான் முதலிடம்"னு திருத்துவாங்க. மேகாலயாவுல இருக்கற அந்த ஊர்ல சராசரியா வருஷத்துக்கு 11,870 மில்லிமீட்டர் மழை.

நான் சொல்லப் போற இடத்துல அதைவிட ரெண்டு மடங்கு பெய்யுது. அது உங்க வீட்டு பாத்ரூம் :-)

சும்மா அடிச்சு விடலைங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. எட்டுக்கு அஞ்சு பாத்ரூம்னா 40 சதுர அடி, அதாவது 3.7 சதுர மீட்டர். வீட்டுல நாலு பேர். ஆளுக்கு மூணு பக்கெட் தண்ணி, பக்கெட்டுக்கு 20 லிட்டர். ஆக ஒரு நாளைக்கு 240 லிட்டர். ஒரு சதுர மீட்டர்ல ஒரு லிட்டர் ஊத்தினா அது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். அப்படின்னா தினமும் 65 மில்லிமீட்டர். வருஷத்துக்கு 23,500-ஐத் தாண்டிடும். துணி துவைக்கறதையும் பக்கெட் நிரம்பி வழியறதையும் இதுல சேர்க்கவே இல்லை.

நம்ம கோவை, திருப்பூர் பக்கம் வானத்துலருந்து விழுகிற மழை வருஷத்துக்கு சுமார் 600-லிருந்து 700 மில்லிமீட்டர். அந்த மழைக்குப் பயந்துக்கிட்டு மொட்டை மாடிக்கு என்னவெல்லாம் செய்யறோம்! செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, தட்டோடு பதிச்சு, வாட்டம் பார்த்து, மூலைக்கு மூலை குழாய் இறக்கி, இப்ப அதுக்கும் மேல வெள்ளை பெயின்ட் அடிச்சு... ஆனா அதைவிட முப்பது மடங்குக்கு மேல தண்ணி விழுகிற பாத்ரூமுக்கு? "டைல்ஸ்தான் ஒட்டறோமே, அப்புறம் எங்கிருந்து ஒழுகும்?" இதான் பதில்.

வீடு கட்டறவங்க பாத்ரூமுக்குச் செலவு பண்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியறதுக்கு. பாத்ரூமைக் காப்பாத்தறது கண்ணுக்குத் தெரியாம டைல்ஸுக்கு அடியில இருக்கற ரெண்டு விஷயம்: வாட்டமும், தண்ணி கசியாம அடிக்கிற பூச்சும். இந்த ரெண்டையும் முடிவு பண்ணாம டைல்ஸ் கடைப் படியேறக் கூடாதுங்கறது என் கட்சி. இந்தப் பதிவு முழுக்க அதுக்கான வக்காலத்துதான்.

கீழ பனியன், மேல பாத்ரூம்

வேற ஊர்ல பாத்ரூம் ஒழுகினா கீழ் வீட்டு சீலிங்ல ஒரு மஞ்சள் வட்டம் விழும். கீழ் வீட்டு அக்கா ரெண்டு வார்த்தை திட்டுவாங்க. அவ்வளவுதான். திருப்பூர்ல கதையே வேற. இங்க பாதித் தெருக்கள்ல கீழ் தளம் ஜாப் ஒர்க் யூனிட்டு, மேல் தளம் குடித்தனம். நாலு ஓவர்லாக் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஓரமா அடுக்கின அட்டைப்பெட்டி. அதுக்கு நேர் மேல யாரோ குளிச்சுக்கிட்டு இருப்பாங்க.

எங்க தெருவுலயே ஒண்ணு நடந்தது. மேல இருந்து சொட்டினது என்னமோ ராத்திரியில நாலு மணி நேரம்தான். அடுக்கி வெச்சிருந்த வெள்ளை பீஸ் மேல விழுந்து, துருவும் சிமெண்ட்டும் கலந்த காவிக் கறை. வெள்ளையில காவி விழுந்தா அலசினாலும் போகாது, பிளீச் போட்டா துணி போயிடும். ஷிப்மென்ட் தேதி நெருங்கியிருந்தது. யூனிட் வெச்சிருந்தவர் வாடகையில கழிக்கச் சொன்னார். வீட்டுக்காரர் மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி பிளம்பரைக் கை காட்டினார். பிளம்பர், "பைப் லீக் இல்லீங்ணா, டைல்ஸ் ஜாயிண்டுல இறங்குது"ன்னு டைல்ஸ்காரரைக் கை காட்டினார். டைல்ஸ்காரர் ராஜஸ்தானுக்குப் போய் ஆறு மாசமாச்சு. கடைசியில பாத்ரூமையே கொத்திப் பார்த்தா, சங்கன் ஸ்லாப்புக்குள்ள போட்டிருந்த செங்கல் கட்டையெல்லாம் ஊறின பன்னு மாதிரி இருந்தது. எத்தனை வருஷத் தண்ணியோ!

சங்கன் ஸ்லாப்னா தெரியாதவங்களுக்கு: பைப் போறதுக்காக பாத்ரூம் தளத்தை மட்டும் முக்கால் அடி, ஒரு அடி பள்ளமா போடுவாங்க. பைப் வெச்சதும் அந்தப் பள்ளத்தைச் செங்கல் உடைசல் போட்டு நிரப்பிடுவாங்க. மேல சிமெண்ட், அதுக்கு மேல டைல்ஸ். நினைச்சுப் பாருங்க, அது ஒரு தொட்டி. உள்ள இறங்கின தண்ணிக்கு வெளிய வர வழி கிடையாது. தொட்டி நிரம்பினப்புறம்தான் கீழ் வீட்டுக்குச் சேதி போகும். சுவத்துல ஈரம் தெரியற அன்னைக்கு ஆரம்பிச்ச நோய் இல்லை அது.

உப்புத் தண்ணியும் ஆசிட்டும்

இங்க இன்னொரு சிக்கலும் இருக்கு. குடிக்க நல்ல தண்ணி, குளிக்கவும் துவைக்கவும் போர்ல வர்ற உப்புத் தண்ணின்னு ரெண்டு தண்ணி வெச்சுப் பொழைக்கற ஊர் இது. சாயப்பட்டறைக் கழிவால நொய்யலும் நிலத்தடி நீரும் என்ன ஆச்சுன்னு புதுசா சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போன விவகாரம்.

நல்ல தண்ணி கசிஞ்சா காங்கிரீட் ஈரமாகும். உப்புத் தண்ணி கசிஞ்சா உள்ள இருக்கற கம்பிக்கே ஆபத்து. தண்ணியில இருக்கற குளோரைடு கம்பியைத் தொட்டதும் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேக்கும். உள்ளுக்குள்ளயே உப்பி, காங்கிரீட்டைக் கீழ தள்ளும். பழைய வீடுகள்ல பாத்ரூமுக்குக் கீழ சீலிங் பெயர்ந்து கம்பி பல்லிளிச்சுக்கிட்டு நிக்குமே, அது இப்படி வந்ததுதான். பெயர்ந்து விழுகிற அந்தத் துண்டு, கீழ யார் தலைங்கறதைப் பார்த்து விழாது.

சரி, அந்த உப்பு டைல்ஸ் மேல வெள்ளையாப் படியுது. நம்ம ஜனங்க என்ன செய்யறாங்க? வாரம் ஒரு தடவை ஆசிட். உப்பு நல்லாவே போகுது. கூடவே டைல்ஸுக்கு நடுவுல இருக்கற சிமெண்ட்டும் கரைஞ்சு போகுது. ஏன்னா அந்த வெள்ளைப் படிவும் சிமெண்ட்டும் ரெண்டுமே சுண்ணாம்புச் சமாச்சாரம், ஆசிட்டுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு வருஷம் கழிச்சு குனிஞ்சு பார்த்தா ஜாயிண்ட்ல குழி. தினமும் 240 லிட்டர் அந்தக் குழி வழியா இறங்க வழி தேடும். பளபளன்னு இருக்கற பாத்ரூம்தான் சில சமயம் அதிகமா ஒழுகற பாத்ரூம்.

டைல்ஸ் தண்ணி விடாது, சரிதான். ஆனா டைல்ஸ் ஒட்டின தரை தண்ணி விடும். இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

வெள்ளைக்காரங்க பலகை

வெளிநாட்டுல இருக்கற நண்பர் ஒருத்தர் இங்க அப்பா அம்மாவுக்கு வீட்டை மாத்திக் கட்டறார். "ஷவர் டிரே ஃபார்மர்னு ஒண்ணு இருக்கு, அதை அனுப்பி வைக்கட்டுமா, நம்ம ஊர் மேஸ்திரி போடுவாரா?"ன்னு கேட்டார். அதைப் பத்திப் படிக்கப் போய்த்தான் இவ்வளவும் எழுதத் தோணுச்சு.

அது என்னன்னா, தரைக்கு அடியில பதிக்கற ஒரு பலகை. கெட்டியான நுரையில செஞ்சு மேல சிமெண்ட் பூச்சு கொடுத்திருப்பாங்க. ஜெர்மனியில வேடி, ஷ்லூட்டர் மாதிரி கம்பெனிகள் இதுல பேர் போனவங்க. ஃபேக்டரியிலயே வாட்டம் வெட்டி வந்துடும். நாலு ஓரமும் ஒரே உயரம், தண்ணி போற ஓட்டையைப் பார்த்து நாலு பக்கமும் சரிவு. அடியில மட்டமான தளம் வேணும், பலகைக்குக் கீழ ஒரு இடத்துல கூட வெற்றிடம் இல்லாம முழுக்கப் பசை போட்டு உட்கார வைக்கணும். சுவரும் பலகையும் சேர்ற இடத்துல டேப் ஒட்டி, தண்ணி விடாத பூச்சு அடிச்சு, அதுக்கு மேல டைல்ஸ்.

வாங்கறவங்க முதல்ல பார்க்க வேண்டியது விலையில்லை. ஓட்டை எங்க வருதுங்கறதுதான். உங்க டிரெயின் பைப் மூலையில இருக்க, ஓட்டை நடுவுல இருக்கற பலகை வாங்கினா பைப்பையே தோண்டி மாத்தணும். அடுத்தது அளவு. பெருசா வாங்கி ஒரு பக்கம் அறுத்துக்கலாம்னு நினைப்போம். சரிவான பலகையை ஒரு பக்கம் மட்டும் அறுத்தா அந்த ஓரம் மத்த ஓரத்தைவிடத் தாழ்ந்துடும். அப்புறம் சுத்தியும் டைல்ஸ் மட்டம் சேராது.

அங்க இது ஏன் தேவைப்படுதுன்னா, இங்கிலாந்து மாதிரி ஊர்கள்ல மாடித் தரை பெரும்பாலும் மரம். மரச்சட்டத்துக்கு மேல நம்ம மாதிரி மூணு இஞ்ச் சிமெண்ட் கொட்டி வாட்டம் பண்ண முடியாது, கனம் தாங்காது. தொட்டியில குளிச்சுப் பழகினவங்க, வயசான காலத்துல தொட்டி ஏறி இறங்க முடியாம, தரையோட தரையா குளிக்கிற அறைக்கு மாறறாங்க. அதுக்கு 'வெட் ரூம்'னு ஒரு பேர். தரை பூரா நனையற பாத்ரூமை என்னமோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி அவங்க பத்திரிகையில எல்லாம் போடறாங்க. நம்ம பொடக்காலியில ஒரு கல்லைச் சாய்ச்சுப் போட்டு, தண்ணி நேரா வாழைக்குப் போற மாதிரி வெச்சிருந்தாங்களே, அதுவும் வெட் ரூம்தானுங்க. கூரை மட்டும் கிடையாது. அவ்வளவு ஏன், மொகஞ்சதாரோவுல வீட்டுக்கு வீடு சுட்ட செங்கல்ல குளிக்கிற தளம் போட்டு, ஒரு மூலையைப் பார்த்து சரிவு வெச்சு, தெரு வாய்க்கால்ல சேர்த்திருக்காங்க. அங்க இருக்கற பெரிய குளத்துக்குக் கசியாம இருக்கறதுக்கு நிலக்கீல் பூசியிருக்காங்க. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வாட்டம், பூச்சு ரெண்டும்!

நண்பருக்கு நான் சொன்ன பதில்: அனுப்பாதீங்க. காங்கிரீட் தளம், சங்கன் இருக்கு, வேலைக்கு ஆள் இருக்கு. வாட்டத்தை இங்கயே சிமெண்ட்ல பண்ணிக்கலாம். பலகையோட கூட வர்ற டேப், பசை, டிரெயின் எல்லாமே ஒரே செட்டா சேர்ந்தாத்தான் அது வேலை செய்யும். ஒண்ணு குறைஞ்சாலும் மேஸ்திரி கைக்குக் கிடைச்சதை வெச்சு ஒப்பேத்துவார். சங்கனே இல்லாத பழைய மாடியில, கனம் ஏத்த முடியாத இடத்துல புதுசா பாத்ரூம் பண்றவங்களுக்கு வேணும்னா அது உபயோகப்படும்.

ஆனா பலகை வேண்டாம்னாலும் அதுக்குப் பின்னால இருக்கற புத்தி நமக்கு வேணும். அந்தப் பலகையில வாட்டம் யாரோட கண் மதிப்புலயும் இல்லை. எவ்வளவு சரிவு, எந்தப் பக்கம், ஓட்டை எங்கன்னு வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிவாகி, அளந்து, வெட்டி வருது. நம்ம ஊர்ல அதே விஷயம் டைல்ஸ் ஒட்டற அன்னைக்கு, டைல்ஸ்காரர் குத்த வெச்சு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கறப்ப முடிவாகுது. "வாட்டம் வந்துருச்சுங்களா?"ன்னா, "வந்துருச்சுங்ணா". அவ்வளவுதான் செக்கிங்.

சரி, என்ன பண்ணலாம்?

முதல்ல நாணி டிராப் எங்க வரணும்னு முடிவு பண்ணுங்க. வாசலுக்கு எதிர்க் கோடியில, குளிக்கிற பக்கத்துல, சுவரை ஒட்டி. வாசல் பக்கத்துல வெச்சா அழுக்குத் தண்ணி பூரா நடக்கற வழியில ஓடி வரும். வெஸ்டர்ன் டாய்லெட், வாஷ் பேசின், கீசர் எல்லாம் டிராப்புக்கு அப்புறம்தான்.

அடுத்தது வாட்டம். இஞ்சுக்கு எட்டு நூல்னு கட்டட வேலையில ஒரு கணக்கு உண்டு. (பனியன் ஊர்ல நூல்னா வேற ஞாபகம் வரும், இது அளவு நூல்.) குளிக்கிற பகுதியில அடிக்கு ரெண்டு நூல், மத்த இடத்துல அடிக்கு ஒரு நூல். எட்டடி நீள பாத்ரூம்ல குளிக்கிற நாலடிக்கு எட்டு நூல், அதாவது ஒரு இஞ்ச். மீதி நாலடிக்கு அரை இஞ்ச். ஆக மொத்தம் ஒன்றரை இஞ்ச். வாசப்படியில ரூம் தரையைவிட அரை இஞ்ச் தாழ்த்தி ஆரம்பிச்சீங்கன்னா டிராப் கிட்ட ரெண்டு இஞ்ச் கீழ. இந்தக் கணக்கை டைல்ஸ், பசை தடிமனோட சேர்த்து சங்கன் நிரப்பறப்பவே சுவத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சுடணும். டியூப் மட்டமும் ரசமட்டமும் இருக்கற வீட்டுல கண் மதிப்பு எதுக்கு? ரெண்டு நூலுக்கும் மேல போகாதீங்க. சரிவு ரொம்ப அதிகமானா சோப்புத் தண்ணியில கால் நிக்காது.

மூணாவதுதான் டைல்ஸ். ரெண்டுக்கு ரெண்டு பெரிய டைல்ஸ் பார்க்க அழகுதான். ஆனா நாலு பக்கத்துலருந்தும் ஒரு புள்ளிக்குச் சரிவு கொடுக்கணும்னா பெரிய டைல்ஸ் வளையாது. ஒண்ணு வாட்டம் போகும், இல்ல மூலை தூக்கிக்கிட்டு கால்ல இடிக்கும். ஒரு அடிக்கு ஒரு அடியோ அதைவிடச் சின்னதோ சரியா இருக்கும். பெருசுதான் வேணும்னா, சுவரோரமா நீளமான சேனல் டிரெயின் வெச்சு, மொத்தத் தரையையும் ஒரே பக்கமா சாய்ச்சுடுங்க. வழவழப்பு வேண்டவே வேண்டாம். கடையில டைல்ஸ் மேல தண்ணி ஊத்தி, செருப்பைக் கழட்டிட்டு நின்னு பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

பூச்சு ரெண்டு தடவை. சங்கன் நிரப்பறதுக்கு முன்னாடி பள்ளத்துல ஒண்ணு, வாட்டம் போட்டு முடிச்சு டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு. சுவரும் தரையும் சேர்ற மூலையை உருட்டா பூசி மழுப்பிடணும், ஏன்னா விரிசல் முதல்ல அங்கதான் வரும். பைப் நுழையற ஓட்டையைச் சாதா சிமெண்ட்ல அடைக்காம, சுருங்காத கலவையால அடைக்கணும். பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சை ஒரு தடவை குறுக்க, காய்ஞ்சப்புறம் ஒரு தடவை நெடுக்க. சுவத்துல ஒரு அடி உயரம், ஷவர் பக்கம் ஆள் உயரம். பேர் பெத்த கம்பெனி டப்பாவை வாங்கி, அதுல சொன்ன அளவுக்கு மேல தண்ணி ஊத்திக் கலக்கினா டப்பாவுக்கு மரியாதை இல்லை. சங்கன் அடியிலருந்து ஒரு சின்ன பைப்பை வெளிப்பக்கம் விட்டு வைங்க. என்னைக்காவது அதுல சொட்டினா, கீழ் வீட்டுக்காரருக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சுடும்.

ஜாயிண்ட்டுக்கு எபாக்ஸி. காசு கொஞ்சம் கூடத்தான். ஆனா உப்புத் தண்ணி ஊர்ல, ஆசிட் ஊத்தற கையை நிறுத்த முடியாத வீட்ல, சிமெண்ட் ஜாயிண்டைவிட அது எவ்வளவோ தாங்கும்.

டிராப்பைப் பத்தியும் ஒரு வார்த்தை. நல்ல டிராப்புக்குள்ள ரெண்டு இஞ்ச் தண்ணி எப்பவும் நிக்கும். சாக்கடைக் காத்தையும் கரப்பானையும் தடுக்கறது அந்தத் தண்ணிதான். 2003-ல சார்ஸ் நோய் வந்தப்ப ஹாங்காங்குல அமாய் கார்டன்ஸ்ங்கற அடுக்குமாடியில 300 பேருக்கு மேல பாதிக்கப்பட்டாங்க. விசாரிச்சப்ப தெரிஞ்ச முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு, பாத்ரூம் தரை டிராப்ல தண்ணி காய்ஞ்சு போயிருந்தது. தரையைக் கழுவாம துடைச்சு மட்டும் வந்திருக்காங்க. தண்ணி இல்லாத டிராப் வழியா, எக்ஸாஸ்ட் ஃபேன் இழுத்த இழுப்புல, கழிவுக்குழாய்க் காத்து வீட்டுக்குள்ள வந்திருக்கு. அதனால ஆள் புழங்காத கெஸ்ட் ரூம் பாத்ரூம்ல வாரத்துக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தி விடுங்க.

செக்கிங் போகாத பீஸ்

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இந்த ஊர்ல ஒரு பனியன் வெளிய போகறதுக்குள்ள எத்தனை பேர் கையைத் தாண்டுது! துணி வந்ததும் வட்டமா வெட்டி கிராம் பார்க்கறோம். துவைச்சு எவ்வளவு சுருங்குதுன்னு பார்க்கறோம். தைச்சு முடிச்சதும் செக்கிங், பிசிறு வெட்டி செக்கிங், அயர்ன் பண்ணி செக்கிங். அதுக்கப்புறமும் பையரோட ஆள் வந்து பெட்டியைப் பிரிச்சு, இத்தனைக்கு இத்தனை டேமேஜுக்கு மேல இருந்தா மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பறார். ரெண்டு வருஷம் போட்டுட்டு வண்டி துடைக்கப் போற டீ ஷர்ட்டுக்கு இவ்வளவு.

முப்பது வருஷம் நிக்க வேண்டிய பாத்ரூமுக்கு ஒரு செக்கிங்கும் இல்லை. செலவே இல்லாத செக்கிங் ஒண்ணு இருக்கு. பூச்சு காய்ஞ்சதும் டிராப் வாயை அடைச்சு, ரெண்டு இஞ்சுக்குக் குறையாம தண்ணி நிறுத்தி, சுவத்துல பென்சில் கோடு போட்டு, 48 மணி நேரம் விட்டுடறது. ரெண்டு நாள் கழிச்சு கோட்டைப் பாருங்க. கீழ போய் சீலிங்கைத் தொட்டுப் பாருங்க. பள்ளத்துப் பூச்சுக்கு ஒரு தடவை, மேல் பூச்சுக்கு ஒரு தடவை. டைல்ஸ் ஒட்டினப்புறம் ஒரு பக்கெட் தண்ணியை வாசல் பக்கம் கொட்டி, எங்கயாவது குட்டை நிக்குதான்னு பாருங்க. ஒரு கோலிகுண்டை உருட்டி விட்டாலும் சரி, அது நேரா டிராப்பைத் தேடிப் போகணும்.

"மேஸ்திரிக்குத் தெரியாதா, முப்பது வருஷ அனுபவம்"னு சொல்வீங்க. தெரியும். நல்ல மேஸ்திரிகள் நிறைய பேர் இருக்காங்க, வாட்டத்துல அவங்களை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா பாத்ரூமை ஒரே ஆள் செய்யறதில்லையே. பிளம்பர் பைப் வெச்சுட்டுப் போயிடறார், கொத்தனார் நிரப்பிட்டுப் போயிடறார், டைல்ஸ்காரர் ஒட்டிட்டுப் போயிடறார். ஒவ்வொருத்தரும் முந்தின ஆள் சரியா செஞ்சிருப்பார்னு நம்பிப் போறாங்க. நடுவுல நின்னு தண்ணி நிறுத்திப் பார்க்க வேண்டியது வீட்டுக்காரர். அவரோ அந்த நேரத்துல கிரானைட் கடையில இருக்கார்.

"ரெண்டு நாள் வேலை நின்னுடும், ஆள் கூலி வீண்"னு ஒரு வாதம் உண்டு. அந்த ரெண்டு நாள்ல வேற ரூம்ல பட்டி பார்க்கச் சொல்லுங்க. ஒழுகினதுக்கப்புறம் கொத்தினா ரெண்டு வாரம், டைல்ஸும் போச்சு, பூச்சும் போச்சு, கீழ் வீட்டுக்காரர் சிநேகிதமும் போச்சு. அதே டிசைன் டைல்ஸ் திரும்பக் கிடைக்கவே கிடைக்காதுங்கறது தனிச் சோகம்.

லைன் வீட்டுக்கும் இதே கணக்குதான்

கடைசியா வாடகைக்குக் கட்டறவங்க கிட்ட ஒரு வேண்டுகோள். திருப்பூர்ல லைன் வீடு கட்டி விடறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. அஞ்சாறு குடும்பத்துக்கு ஒரே பாத்ரூம். நான் மேல போட்ட கணக்கு நாலு பேருக்கு. அங்க இருபது பேர் குளிக்கறாங்க. அப்ப அது அஞ்சு மாசின்ராம் இல்லை, பத்து. ஆனா அங்கதான் வாட்டமே இருக்காது. "வாடகை வீடுதானே"ன்னு சொந்த வீட்டு மிச்ச டைல்ஸை, அதுவும் ஹாலுக்கு வாங்கின வழவழப்பு டைல்ஸை ஒட்டி விட்டுடறாங்க. மூலையில எப்பவும் குட்டை, பாசி.

அங்க குளிக்கறவங்க யாரு? காலையில எட்டரை மணிக்கு ஷிப்டுக்கு ஓடற டெய்லரும், கைமடி, பிசிறு வேலைக்குப் போற பொண்ணுங்களும். பீஸ் ரேட்ல பொழைக்கறவங்க. வழுக்கி விழுந்து கை மணிக்கட்டு பிசகினா ஒரு மாசம் மெஷின்ல உட்கார முடியாது. அந்த மாசச் சம்பளம் யார் தருவா? அடிக்கு ரெண்டு நூல் வாட்டம் வைக்கறதுக்கு ஒரு மூட்டை சிமெண்ட் கூட அதிகமா ஆகாது. அதை மிச்சம் பிடிச்சு யாரும் பணக்காரர் ஆனதில்லை.

வயசானவங்க இருக்கற வீட்டுலயும் அப்படித்தான். தண்ணி வெளிய வந்துடுமோங்கற பயத்துல பாத்ரூம் வாசல்ல நாலு இஞ்ச் உயரத்துக்கு கிரானைட் தடுப்பு வைக்கறோம். தண்ணி தாண்டாது, தாத்தாவும் தாண்ட முடியாது. சரியா வாட்டம் வெச்ச பாத்ரூமுக்கு அரை இஞ்ச் இறக்கமே போதும். தடுப்பு உயரமா இருக்கற பாத்ரூமைப் பார்த்தாலே எனக்குத் தோணறது, "இங்க வாட்டத்து மேல வீட்டுக்காரருக்கே நம்பிக்கை இல்லை"ங்கறதுதான்.

அதனால வீடு கட்டிக்கிட்டு இருக்கற நண்பர்களே, டைல்ஸ் கேட்டலாக்கை மூடி வைங்க. ஒரு சாக்பீஸ் எடுத்துக்கிட்டு சைட்டுக்குப் போங்க. டிராப் எங்க, வாட்டம் எத்தனை நூல், தண்ணி எத்தனை நாள் நிறுத்தணும், இந்த மூணையும் சுவத்துல எழுதி வெச்சுட்டு வாங்க. அழிச்சுட்டு வேலை பார்க்க எந்த மேஸ்திரிக்கும் மனசு வராது.

உங்க ஊர்ல நாணி டிராப்புக்கும் வாட்டத்துக்கும் என்ன பேர், தண்ணி நிறுத்திப் பார்க்கற பழக்கம் இருக்கான்னு சொல்லுங்க. மதுரை, நெல்லை, யாழ்ப்பாணம் பக்கத்து ஆளுங்க கட்டாயம் சொல்லணும்.

டிஸ்கி: நான் இன்ஜினியர் இல்லீங்க. பில்லர், பீம், கம்பி சம்பந்தமா சந்தேகம்னா படிச்சவங்களைக் கேளுங்க. பாத்ரூம்ல தண்ணி நிக்குதா ஓடுதான்னு பார்க்கறதுக்குப் படிப்பு வேண்டாம், ஒரு பக்கெட் போதும் :-)